திருக்கருகாவூர்: பெரியம்மாவின் வேண்டுதலும் அக்காவின் ரகசியமும்

எழும்பூரில் இரவு ரயில் ஏறும்போது பெரியம்மாவின் பையில் ஒரு நெய் பாட்டில், அக்காவின் ஜாதக நகல், வழிக்குக் கொஞ்சம் புளியோதரை. அக்காவுக்கு வயது 33. ஓ.எம்.ஆரில் ஐ.டி வேலை. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதற்காகத்தான் இந்தப் பயணம்.

எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது. இரண்டு மாதங்களுக்கு முன்பு அக்கா சென்னையில் தன் கருமுட்டைகளை உறைய வைத்திருந்தாள். பெரியம்மாவிடம் சொல்லவில்லை.

கருவைக் காத்த ஊர்

விடியற்காலையில் கும்பகோணத்தில் இறங்கி, பாபநாசம் வழியாகக் கார் பிடித்தோம். இரண்டு பக்கமும் வயல், வாழை. முக்கால் மணி நேரத்தில் வெட்டாற்றங்கரையில் இருக்கும் திருக்கருகாவூர் வந்துவிட்டது.

ஊர்ப் பெயரிலேயே கதை இருக்கிறது. கரு, கா, ஊர். கருவைக் காத்த ஊர். நித்துருவ முனிவரின் மனைவி வேதிகை கர்ப்பமாக இருந்தபோது ஒரு முனிவரின் சாபத்துக்கு ஆளாகிறாள். கரு கலைகிறது. அவள் அழைக்க, அம்பாள் வந்து அந்தக் கருவை ஒரு குடத்தில் வைத்துக் காத்து, உரிய நாளில் குழந்தையாகக் கொடுத்தாள் என்கிறது தலபுராணம். அவள்தான் கர்ப்பரட்சாம்பிகை.

சுவாமி முல்லைவனநாதர். புற்று மண்ணால் ஆன சுயம்பு லிங்கம் என்பதால் அபிஷேகம் கிடையாது. புனுகுதான் சாத்துகிறார்கள். தலமரம், பெயருக்கு ஏற்றபடி முல்லைக்கொடி.

குழந்தை வேண்டி வரும் தம்பதிகளுக்கு இங்கே நெய்ப் பிரசாதம் தருகிறார்கள். 48 நாள் சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு, வயிற்றில் தடவிக்கொள்ள விளக்கெண்ணெய். கல்யாணம் தள்ளிப்போகும் பெண்களும் வருகிறார்கள். அம்பாள் சந்நிதிப் படியை நெய்யால் மெழுகிக் கோலமிடுவது அவர்களின் வேண்டுதல்.

பாற்குளத்துப் படியில்

நாங்கள் போனபோது சந்நிதியில் திரை போட்டிருந்தார்கள். கோயிலுக்கு முன்னால் இருக்கும் பாற்குளத்துப் படியில் உட்கார்ந்தோம். குடத்தில் பிறந்த குழந்தைக்காகக் காமதேனு பால் சுரந்து உண்டான குளம் என்று பெரியம்மா கதை சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று அக்கா, "அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

சொல்லி முடித்ததும் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, "அப்போ கல்யாணமே வேண்டாம்னு முடிவு பண்ணிட்டியா?"

"இல்லம்மா. வயசாகுதேன்னு பயந்து யாரையோ கட்டிக்க வேண்டாம்னுதான்."

இரண்டாவது கேள்வி, "வலிச்சுதா?" மூன்றாவது, "கூட யார் இருந்தா?" அக்கா என்னைக் கை காட்டினாள். "நீயுமாடி?" என்றவர் அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை.

சென்னையில் நடந்தது

தென்னிந்தியாவின் முதல் டெஸ்ட் டியூப் குழந்தை 1990-ல் பிறந்தது சென்னையில்தான். டாக்டர் கமலா செல்வராஜ் செய்த சாதனை. இன்று நகரில் பல இடங்களில் கருத்தரிப்பு மையங்களின் போர்டுகளைப் பார்க்கலாம். அப்படி ஒரு மையத்துக்குத்தான் அக்காவுடன் போனேன்.

முதலில் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். கருப்பையில் எத்தனை முட்டைகள் கிடைக்கக்கூடும் என்று அல்ல, சினைப்பையில் எத்தனை கிடைக்கக்கூடும் என்று பார்க்கிறார்கள். மாதவிலக்கான இரண்டாம், மூன்றாம் நாளிலிருந்து சுமார் 10 - 12 நாள்களுக்கு வயிற்றில் ஹார்மோன் ஊசி. அக்காவே போட்டுக்கொண்டாள். வயிறு உப்பி, காரணமில்லாமல் அழுகை வந்த நாள்களும் உண்டு. கடைசி ஊசி போட்டு ஒன்றரை நாளில், மயக்க மருந்து கொடுத்து முட்டைகளை எடுத்தார்கள். அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

எடுத்த முட்டைகள் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரி குளிரில் இருக்கின்றன. அந்தக் கலனின் படத்தைப் பார்த்தால் பெரிய பால் கேன் மாதிரிதான் தெரியும். போனில் காட்டினேன். "இதுவும் குடம்தானா?" என்றார் பெரியம்மா. கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ஆனால், டாக்டர் அன்றே தெளிவாகச் சொல்லியிருந்தார். இது உத்தரவாதம் அல்ல. எல்லா முட்டையும் உருகும்போது தாங்காது. தாங்கியவை எல்லாம் கருவாகாது. கருவானவை எல்லாம் குழந்தையாகாது. முட்டை எடுக்கும் வயது முக்கியம். 35-க்கு முன்பு எடுத்தால் வாய்ப்பு கூடுதல். முட்டைக்கு 33 வயதிலேயே நிற்கலாம், உடம்புக்கு அப்படி நிற்காது. வயது கூடும்போது கர்ப்பகால ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற சிக்கல்களும் கூடும்.

என்ன வேண்டுதல்?

திரை விலகியது. அக்கா படியை மெழுகிக் கோலமிட்டாள். அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்டார். "என்ன வேண்டுதல்? கல்யாணமா, குழந்தையா?"

பெரியம்மா அக்காவைப் பார்த்தார். "அவ நல்லா இருக்கணும். மத்தது அவளும் அம்பாளும் பேசிக்கட்டும்" என்றார்.

திரும்பும்போது காரில், "எத்தனை வருஷம் வெச்சிருப்பாங்க?" என்று கேட்டார். 2021-ல் வந்த சட்டப்படி 10 வருடம் என்றேன். வருடா வருடம் பராமரிப்புக் கட்டணமும் உண்டு. விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்.

"நாப்பத்தி மூணா? அதுவரைக்கும் எல்லாம் இழுக்காதே. என் முழங்கால் தாங்காது. பேரப்புள்ள பின்னாடி யார் ஓடுறது?"

அக்கா சிரித்துவிட்டாள். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து முதலில் எனக்கு நீட்டினார் பெரியம்மா.

எப்படிச் செல்வது?

தஞ்சாவூர், கும்பகோணம் இரண்டிலிருந்தும் சுமார் 20 கி.மீ. பாபநாசத்திலிருந்து மிக அருகில். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது.