ஷாங்காயில் இருபது நிமிடம்

"சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுச் சீனாவுக்கா? அங்கே என்னத்தைச் சாப்பிடுவீங்க?"

2019 மே மாதம் நாங்கள் ஷாங்காய்க்குப் புறப்பட்டபோது, எதிர்வீட்டு அக்காவிலிருந்து பால்காரர் வரை எல்லோரும் கேட்டது இதைத்தான். நானும் இரவு பகலாக இதே கவலையில்தான் இருந்தேன்.

என்னவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மெஷின் பார்த்து வரச் சொல்லி அவரை அனுப்பினார்கள். பிள்ளைகளுக்கு லீவு, கையில் கொஞ்சம் சேமிப்பும் இருந்தது. "நம்ம டிக்கெட்டை நாமே போட்டுக்குவோம், எல்லாருமே போகலாம்" என்றார். மகளுக்கு அப்போது 14 வயது, மகனுக்கு 9.

புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப் பொடி, ஊறுகாய், சின்னதாக ஓர் எலெக்ட்ரிக் குக்கர் என்று நான் கட்டிய மூட்டையைப் பார்த்து மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அரிசியை அங்கேயே வாங்கிக்கொண்டோம்.

கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூர் வழியாகப் பயணம். விமானத்தில் உட்கார்ந்ததும் இரண்டு பேருக்கும் என் அம்மாவின் பாடத்தை ஒப்பித்தேன். நான் மதுரையில் பிறந்தவள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க அழைத்துப் போகும்போதெல்லாம் அம்மா சொல்வாள்: "தொலைஞ்சு போனா அழுதுக்கிட்டு ஓடாதே. நின்ன இடத்திலேயே நில்லு. தேடறது எங்க வேலை." அத்தனை கூட்டத்திலும் நான் ஒரு தடவைகூடத் தொலைந்ததில்லை. ஆகவே அந்தப் பாடத்தில் எனக்கு அசையாத நம்பிக்கை!

ஷாங்காயில் இறங்கியதும் காந்த ரயிலில் ஏறினோம். விமான நிலையத்திலிருந்து 30 கிலோமீட்டர், எட்டே நிமிடம். பலகையில் 431 என்று வேகம் காட்டியபோது மகன் கத்திய கத்தலில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. (2021க்குப் பிறகு வேகத்தை 300 ஆகக் குறைத்துவிட்டார்களாம்.)

சாப்பாட்டுக் கவலையோ இரண்டே நாளில் பறந்துவிட்டது. காலையில் சூடான சோயா பால், கீரை வைத்து ஆவியில் வேகவைத்த பன், மத்தியானம் நம் புளிசாதம். எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது அங்கே கிடைக்கும் வெந்நீர்தான். ஹோட்டலில் உட்கார்ந்ததும் டம்ளரில் வெந்நீர் கொண்டுவந்து வைக்கிறார்கள். விமான நிலையத்தில்கூட வெந்நீர்க் குழாய் இருக்கிறது. பெரியவர்கள் ஆளுக்கொரு பிளாஸ்க் வைத்திருக்கிறார்கள். ஐஸ் தண்ணீர் கேட்டு அடம் பிடிக்கும் என் மகன், வேறு வழியில்லாமல் வெந்நீர் குடிக்கப் பழகிவிட்டான். தெருவில் பழம் விற்பவர்கூட வண்டியில் ஒரு கட்டம் போட்ட அட்டையைத் தொங்கவிட்டு, செல்போனிலேயே காசு வாங்கிக்கொள்கிறார். நாங்கள் நோட்டை நீட்டியதும் சில்லறைக்கு அவர் பட்ட பாடு பாவமாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மக்கள் பூங்காவுக்குப் போனோம். நடைபாதை ஓரமெல்லாம் குடைகளை விரித்து வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு காகிதம். மழையும் இல்லை, வெயிலும் இல்லை, இதென்ன கடை என்று பார்த்தால், எல்லாம் கல்யாண விவரங்கள்! பெண்ணின் வயது, உயரம், படிப்பு, சம்பளம். பெண்ணும் பையனும் அங்கே இல்லை. அம்மா அப்பாக்கள்தான் முக்காலி போட்டு உட்கார்ந்து வரன் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முகத்தில் இருந்த கவலையைப் புரிந்துகொள்ள எனக்குச் சீன மொழி தேவைப்படவில்லை. "அம்மா, உனக்கும் ஒரு குடை வாங்கட்டுமா?" என்று மகள் கிண்டல் செய்தாள்.

சிரித்துக்கொண்டே பூங்காவின் அடியில் இருக்கும் மக்கள் சதுக்கம் ஸ்டேஷனுக்குள் இறங்கினோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் உயரமான கோபுரங்களைப் பார்க்க மெட்ரோவில் இரண்டாவது தடத்தில் போக வேண்டும். 1.3 மீட்டர் உயரம் தாண்டாத பிள்ளை பெரியவரோடு வந்தால் டிக்கெட் வேண்டாம். என் மகன் இரண்டு விரற்கடை குறைவு.

அன்று நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். தங்கியிருந்த ஹோட்டலின் முகவரி சீன எழுத்தில் அச்சடித்த அட்டை நாலு கொடுத்திருந்தார்கள். நாலையும் "பத்திரமாக" என் கைப்பையிலேயே வைத்திருந்தேன்.

ரயில் வந்தது. ஒரே கூட்டம். என் கையை உதறிவிட்டு மகன் முதல் ஆளாக உள்ளே குதித்தான். பின்னாலேயே ஏறப்போன என்னைக் கூட்டம் ஒதுக்கியது. ரயிலின் கதவு மூடியது, நடைமேடையின் கண்ணாடிக் கதவும் மூடியது. இரண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் பிள்ளையின் முகம். வாய் "அம்மா" என்று அசைந்தது. சத்தம் கேட்கவில்லை. ரயில் போய்விட்டது.

என்னவர்தான் முதலில் சுதாரித்தார். "நீங்க ரெண்டு பேரும் இங்கேயே நில்லுங்க. அவன் திரும்பி வந்தாலும் வருவான். நான் அடுத்த ஸ்டேஷனைப் பார்க்கறேன்" என்று அடுத்த ரயிலில் ஏறினார். அப்புறம்தான் உறைத்தது, அந்த ஊர் சிம் கார்டு அவர் போனில் மட்டும்தான் இருந்தது. எங்களுக்கு எந்தச் செய்தியும் வராது.

மகள் தன் போனிலிருந்த தம்பியின் போட்டோவை ஸ்டேஷன் ஊழியப் பெண்ணிடம் காட்டி, ரயில் போன திசையைக் கையால் காட்டினாள். அந்தப் பெண் உடனே வாக்கி-டாக்கியில் படபடவென்று பேசினாள். நானோ நின்ற இடத்திலேயே நின்றேன். நின்ற இடத்தில் நில் என்று சொல்லிக் கொடுத்தேனே, ரயிலுக்குள் நிற்கிற பிள்ளை அதைக் கேட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தால் எங்கே போய்ச் சேருவான்? 600 கிலோமீட்டருக்கும் மேலே ஓடுகிற மெட்ரோ அது. ஒரு ரயில் வரும், கதவு திறக்கும், இல்லை. இன்னொன்று வரும், இல்லை. ஏழு ரயில் எண்ணினேன். மகள் என் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள், சின்னக் குழந்தையில் பிடிப்பாளே, அந்த மாதிரி.

எட்டாவது ரயில் எதிர்ப்பக்கம் வந்தது. என்னவர் இறங்கினார். அவர் தோளில், ஒன்பது வயதுப் பிள்ளை, இரண்டு வயதுக் குழந்தை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தான். ஊழியப் பெண் கைதட்டினாள். நான் அவனை ஓர் அடி வைத்துவிட்டு அப்புறம் கட்டிக்கொண்டு அழுதேன்.

"ரயில் ஓடுதேம்மா, நின்ன இடம்னா எதுன்னு எனக்குத் தெரியலை" என்றான். அவன் அழுவதைப் பார்த்த ஒரு பாட்டி, அடுத்த ஸ்டேஷனான நான்ஜிங் கிழக்குச் சாலையில் அவனை இறக்கி, தானும் இறங்கிவிட்டாளாம். கையில் கீரைக்கட்டு துருத்திக்கொண்டிருந்த பை. அவன் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவே இல்லையாம். பிளாஸ்க் மூடியில் வெந்நீர் ஊற்றிக் குடிக்க வைத்திருக்கிறாள். "எனக்கு டிக்கெட் இல்லையே, போலீஸ்ல சொல்லிடுவாங்களோன்னு பயமா இருந்துச்சும்மா" என்றபோதுதான் எனக்குச் சிரிப்பே வந்தது.

என்னவர் நீள நடைமேடையைத் தேடிப் போய்ச் சேர்ந்தபோதும் பாட்டி உடனே பிள்ளையைக் கொடுத்துவிடவில்லை. அவன் "அப்பா" என்று தாவியும் விடவில்லை! இவர் முகத்தைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். போனைத் திறந்து நாங்கள் நாலு பேரும் இருக்கிற போட்டோவைக் காட்டிய பிறகுதான் கையை விட்டாளாம்.

"பேர் கேட்டீங்களா? ஒரு போட்டோவாவது எடுத்தீங்களா?" என்றேன்.

"எனக்கு அப்போ அதெல்லாம் தோணலை" என்றார்.

அன்றிரவு அட்டைகளை ஆளுக்கொன்றாகச் சட்டைப்பையில் வைத்து ஊக்கு குத்தினேன். மகனுக்கு "அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே நில்லு" என்று பாடத்தைத் திருத்திச் சொன்னேன். மதுரைக்குப் போன் போட்டபோது அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பியபின்தான் சொன்னேன்.

மறுநாள் அதே தடத்தில், அதே நேரத்தில், 632 மீட்டர் உயரமான ஷாங்காய் கோபுரத்தைப் பார்க்கப் போனோம். நான்ஜிங் கிழக்குச் சாலையில் கதவு திறந்ததும் எட்டிப் பார்த்தேன். காய்கறிப் பையோடு ஒரு வயதான அம்மாள் ஏறினாள். சட்டென்று எழுந்து கைகூப்பப் போனேன்.

"இவங்க இல்லம்மா" என்றான் மகன். "அந்தப் பாட்டி கண்ணாடி போட்டிருந்தாங்க."

ஆனாலும் எழுந்தது எழுந்தேன், என் இடத்தை அவளுக்கே கொடுத்துவிட்டு நின்றுகொண்டேன்.