உம்மாவுக்கும் சேர்த்துப் போட்ட ஊசி

ஒரு நோன்பு மாதத்தில் என் உம்மாவை நிமோனியாவோடு வைத்தியசாலையில் சேர்த்தோம். அப்போது அவருக்கு வயது 72. நெஞ்சு மேலெழுந்து தாழ்வதைப் பார்த்தபடி பத்து நாட்கள் கட்டிலருகே இருந்தேன். பிழைத்தெழுந்தார், அல்ஹம்துலில்லாஹ். வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா?"

இருந்தாள். என் இளைய மகள், ஒன்றரை வயது. வாப்பும்மாவின் மடியை விட்டு இறங்கமாட்டாள். தான் கடித்த பிஸ்கட்டை அவர் வாயில் திணிப்பதுதான் அவளுக்கு விளையாட்டு.

"பிள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லையே, டொக்டர்?"

நிமோகொக்கஸ் என்ற கிருமி சிறுபிள்ளைகளின் மூக்கிலும் தொண்டையிலும் சத்தமில்லாமல் குடியிருக்குமாம். பிள்ளை ஓடி விளையாடும். அதன் இருமலிலும் எச்சிலிலும் கிருமி முதியவரிடம் போய், தளர்ந்த நுரையீரலைப் பிடித்துக்கொள்ளும். உம்மாவுக்கு இப்படித்தான் வந்தது என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. வரக்கூடிய வழி இது என்றார்.

எனக்கு முகம் வாடிவிட்டது. மகளுக்கு இதற்கான ஊசியை வேறொரு டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். காசு கொடுத்துப் போடவேண்டிய ஊசி; மத்ரஸா சம்பளத்தில் அது சின்னக் காசல்ல. "பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்" என்று மனைவி தயங்கியதும் எனக்கு வசதியாகப் போயிற்று. பின்போட்டவன் நான்தான்.

சகோதரிகளே, இந்த ஊசி பிள்ளையை நோயிலிருந்து காப்பதோடு, கிருமி மூக்கில் தங்குவதையும் குறைக்கிறது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு இதைக் கைக்குழந்தைகளுக்குப் போடத் தொடங்கினார்கள். இக்கிருமி இரத்தத்திலும் மூளையுறையிலும் இறங்கும் கடும் நோய், இரண்டு வயதுக்குட்பட்டவர்களிடையே 2001இல் 69 சதவீதம் குறைந்திருந்தது. 1998, 1999ஆம் ஆண்டுகளோடு ஒப்பிட்ட கணக்கு இது. இதில் வியப்பில்லை. ஆனால் குழந்தைகளின் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாத, 65 வயதைத் தாண்டியவர்களிடமும் அந்நோய் 18 சதவீதம் குறைந்திருந்தது! அடியோடு நிற்கவில்லைதான். அன்றைய ஊசி ஏழு வகைக் கிருமிகளுக்கு மட்டுமே; இருப்பதோ தொண்ணூறுக்கும் மேற்பட்ட வகைகள். அதனால்தான் டொக்டர் உம்மாவுக்கும் தனியாக ஓர் ஊசி எழுதித் தந்தார்.

பெருநாள் கழிந்து இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் மகளுக்கு. அவள் வீரிட்டழ, உம்மா அவளை வாரியெடுத்துக்கொண்டு என்னை முறைத்தார்.

"எனக்கு வாற வருத்தத்துக்கு, புள்ளைக்கு ஏன்டா குத்துற?"

விளக்கிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தாதி உம்மாவின் கையைப் பிடித்துவிட்டார்.