பூஜ்ஜியத்துக்குக் கீழே

டிசம்பர் 6, குன்னூர்

உறைபனி எச்சரிக்கைக் கருவிக்குப் போர்டு முடிவாகிவிட்டது. திருவனந்தபுரம் சிடாக் வடிவமைத்த தேஜஸ்32 சில்லு பொருத்திய ஏரீஸ் போர்டு. வேகா குடும்பத்து 32 பிட் ரிஸ்க்-ஃபைவ் செயலி. 100 மெகாஹெர்ட்ஸ் வேகம், 256 கேபி நினைவகம். கடையில் இதைவிட வேகமானதும் கிடைக்கும். ஆனால் நம் நாட்டில் வரைந்த செயலி ஒன்று நம் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்காகக் கூடுதலாக உழைக்க வேண்டியிருந்தால் உழைக்கலாம்.

கருவி செய்ய வேண்டிய வேலை சின்னது. கேத்தி பாலாடா பக்கம் சரிவில் தேயிலையும் பள்ளத்தில் காய்கறியும் வைத்திருக்கும் சில சிறு விவசாயிகளுக்காக இது. நீர்ப்பனிக் காலம் போய், மேகமில்லாமல் காற்றுமில்லாமல் ஒரு ராத்திரி வந்தால் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆள் உயரத்தில் 3 டிகிரி காட்டும்போதே கொழுந்தின் மேல் பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கும். அதனால் சென்சாரைக் கொழுந்து மட்டத்தில் கட்டுகிறோம். 2 டிகிரிக்கு இறங்கியதும் போனுக்குத் தகவல் போக வேண்டும். நாற்றங்காலைத் தாகைத் தழையால் மூட நேரம் கிடைக்கும். வெயில் ஏறுவதற்குள் செடிக்குத் தண்ணீர் தெளித்துவிடலாம். கருகிய பிறகு தகவல் வந்து பயனில்லை.

டிசம்பர் 8

போர்டு ஊமையாக நிற்கிறது. நிரல் ஏறுகிறது, ஓடத் தொடங்குகிறது, முதல் வரியை எழுதப் போகும்போது நின்றுவிடுகிறது.

காரணத்தைத் தேடிக் கண்டேன். கம்பைலர் நான் எழுதியதைத்தான் மொழிபெயர்க்கும். எழுத்தை அச்சிடுவது, நினைவகம் ஒதுக்குவது, சரத்தை நகலெடுப்பது போன்ற அன்றாட வேலைகளெல்லாம் சி லைப்ரரியில் ஏற்கெனவே மொழிபெயர்த்து அடுக்கப்பட்டிருக்கும். லிங்கர் அதிலிருந்து வேண்டியதை எடுத்து ஒட்டும். அந்த லைப்ரரி எந்தச் செயலிக்காக பில்ட் ஆனதோ அந்தச் செயலியின் கட்டளைகள்தான் அதில் இருக்கும். என்னிடம் இருந்த ஆயத்த டூல்செயினின் லைப்ரரி, சுருக்கக் கட்டளைகள் உள்ள சில்லுக்காகச் செய்தது. 32 பிட் கட்டளைகளில் அடிக்கடி வருபவற்றை 16 பிட்டில் அடக்குவது ரிஸ்க்-ஃபைவில் ஒரு விருப்பப் பகுதி. தேஜஸ்32-இல் அது கிடையாது. முழு எண் கட்டளைகளும் பெருக்கல், வகுத்தலும் உண்டு, அவ்வளவுதான்.

கட்டிய நிரலைக் கட்டளை கட்டளையாகப் பிரித்துக் காட்டும் ஆப்ஜ்டம்ப் போட்டுப் பார்த்தால் கண்ணுக்கே தெரிகிறது. என் நிரலில் ஒவ்வொரு வரியிலும் எட்டு இலக்கப் பதினறும எண். லைப்ரரிப் பகுதிக்கு வந்ததும் நடுநடுவே நான்கு இலக்க வரிகள். ஒவ்வொன்றும் இந்தச் சில்லுக்குத் தெரியாத சொல். லிங்கர் இதற்கு ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லை. இரண்டையும் கலந்து கட்டுவது அதன் பார்வையில் தவறே இல்லை.

ஆகவே லைப்ரரியை நாமே பில்ட் செய்தாக வேண்டும்.

டிசம்பர் 9

ரிஸ்க்-ஃபைவ் குனூ டூல்செயினை இறக்கத் தொடங்கினேன். 6 ஜிபிக்கு மேல். மழை இல்லாததால் இணையம் பரவாயில்லை.

பில்டின் வரிசை எனக்கு எப்போதும் பிடிக்கும். முதலில் அசெம்பிளரும் லிங்கரும் அடங்கிய பின்யூட்டில்ஸ். அடுத்து லைப்ரரியே இல்லாத ஒரு அரை கம்பைலர். அதற்கு சி மட்டும்தான் தெரியும். அந்த அரை கம்பைலரால் சி லைப்ரரியைக் கட்டுவது. பிறகு அந்த லைப்ரரியைத் துணைக்கு வைத்துக்கொண்டு முழு கம்பைலரைக் கட்டுவது. லைப்ரரி இல்லாமல் கம்பைலர் முழுமையாகாது, கம்பைலர் இல்லாமல் லைப்ரரி பிறக்காது என்ற முடிச்சை இப்படி இரண்டு தவணையில் அவிழ்த்தவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

எந்த லைப்ரரி என்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஜிலிப்சி, மஸ்ல், யூசிலிப்சி-என்ஜி மூன்றும் அடியில் லினக்ஸ் இருக்கிறது என்று நம்புபவை. இங்கே லினக்ஸ் இல்லை. சிக்னஸ் நிறுவனத்தில் தொடங்கி ரெட்ஹேட்டில் வளர்ந்த நியூலிப் இப்படிப்பட்ட வெறும் போர்டுகளுக்கானது. கட்டமைப்பு ஆர்வி32ஐஎம், அழைப்பு முறை ஐஎல்பி32 என்று கன்ஃபிகரில் கொடுத்துவிட்டேன். லைப்ரரி, கம்பைலரின் துணை லைப்ரரி இரண்டுமே இந்த ஒரு சொல்லுக்குக் கட்டுப்படும்.

டிசம்பர் 10

கட்டமைப்பைச் சரியாகச் சொல்லிவிட்டால் ஓடும். ஆனால் நியூலிப்பின் மற்ற விருப்பங்களை யாரோ வைத்த இயல்நிலையில் விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவை வேறொரு கருவியை மனதில் வைத்து எடுத்த முடிவுகள். என் கருவி எங்கே நிற்கப் போகிறது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஆம், இல்லையையும் அந்தச் சரிவை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதனால் நியூலிப்பை மட்டும் தனியாக எடுத்து அதன் கன்ஃபிகரை நானே ஓட்டுகிறேன்.

லைப்ரரி தானே தரும் சிஸ்டம் கால்கள்: வேண்டாம். அவை பதில் சொல்ல ஒரு கர்னல் இருப்பதாக எண்ணிக் கதவைத் தட்டும். இங்கே உள்ளே ஆளில்லை. எழுதுவதற்கு ஒரு சின்ன ஃபங்ஷனை சீரியல் போர்ட்டுக்குத் திருப்பி எழுதிக்கொண்டேன். நினைவகம் கேட்பதற்கு இன்னொன்று. ஸ்டாக்கின் எல்லையைத் தொட்டால் இல்லை என்று சொல்லிவிடும்.

நினைவகம் ஒதுக்கும் மலாக்கின் சிறு வடிவமான நானோ மலாக்: வேண்டும். அகல எழுத்து வெளியீடு: வேண்டாம். ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனிப் பிரிவில் வைத்து, அளவு குறையும்படி கம்பைல் செய்வது: வேண்டும், யாரும் கூப்பிடாததை லிங்கர் கழித்துவிடும். நிரல், தரவு, ஸ்டாக் எல்லாமே 256 கேபிக்குள்.

நானோ பிரின்ட்எஃப்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம். முழு பிரின்ட்எஃப் ஒரு தசம எண்ணை எழுத உள்ளே பெரிய எந்திரத்தையே ஓட்டுகிறது. இடையில் மலாக்கைக்கூடக் கூப்பிடும். இந்தச் சில்லில் தசமக் கணக்குக்கு வன்பொருள் இல்லாததால் அத்தனையும் மென்பொருளாகத்தான் நடக்க வேண்டும். நானோவில் தசமப் பகுதியைத் தனியே பிரித்துவைத்திருக்கிறார்கள். லிங்கரிடம் கேட்டால் சேரும். கேட்காவிட்டால் தசமம் வர வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும், பிழைச் செய்தி எதுவும் வராது. வெப்பநிலை என்று எழுதி, எண்ணே இல்லாமல் டிகிரி என்று முடிக்கும் ஒரு கருவியை யாரிடம் கொடுக்க முடியும்?

தசமமே வேண்டாம் என்று முடிவெடுத்தேன். சென்சார் டிஎஸ்18பி20, ஒரு டிகிரியை 16 கூறாக்கி முழு எண்ணாகத்தான் தருகிறது. ஒரு கூறு 0.0625 டிகிரி. முழு எண்ணாக வந்ததை முழு எண்ணாகவே வைத்திருப்போம்.

டிசம்பர் 11

முழு எண் வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதுவும் நமக்கு மிக முக்கியமான இடத்திலேயே.

சென்சாரிலிருந்து கழித்தல் 5 வந்ததாக வைத்துக்கொள்வோம். 625-ஆல் பெருக்கினால் கழித்தல் 3125. அதாவது கழித்தல் 0.3125 டிகிரி. இதை 10,000-ஆல் வகுத்து முழுப் பகுதியையும் மீதியையும் எடுத்து நடுவில் ஒரு புள்ளி வைப்பதுதான் வழக்கம். சி மொழியில் முழு எண் வகுத்தல் பூஜ்ஜியத்தை நோக்கி வெட்டும். கழித்தல் 3125-ஐ 10,000-ஆல் வகுத்தால் வெறும் பூஜ்ஜியம். பூஜ்ஜியத்துக்குக் குறி கிடையாது. குறி மீதியில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்படியே அச்சிட்டால் புள்ளிக்குப் பின்னால் ஒரு கழித்தல் குறி வந்து விகாரமாக நிற்கும். விகாரத்தைப் போக்க மீதியை நேர் எண்ணாக்கினால் 0.3125 என்று அழகாக வரும். அழகாகப் பொய் சொல்லும். கொழுந்தில் உறைபனி படிந்திருக்கும்போது இன்னும் பூஜ்ஜியத்துக்கு மேலேதான் என்கிறது.

கழித்தல் ஒன்றுக்குக் கீழே போய்விட்டால் குறி சரியாக வரும். பூஜ்ஜியத்துக்கும் கழித்தல் ஒன்றுக்கும் இடையில் மட்டும் தொலையும். பாலாடாவில் உறைபனி தொடங்குவது அந்த ஒரு டிகிரிக்குள்தான். சமவெளியில் செய்து சோதிக்கிற கருவிக்கு இந்தப் பிழை ஒரு நாளும் தென்படாது. மதுரையில் யார் பூஜ்ஜியத்தைப் பார்த்தார்கள்?

குறியை முதலில் தனியாக எடுத்துவைத்து, எண்ணை நேராக்கி, அதன் பிறகே வகுக்கும்படி எழுதியிருக்கிறேன். கூட்டல் 16-இலிருந்து கழித்தல் 32 வரை ஒவ்வொரு கூறாகக் கொடுத்து அச்சைப் பார்த்தாயிற்று. எச்சரிக்கையை முடிவு செய்வது சென்சாரின் மூல எண். அச்சு வடிவத்தை அதற்கு நம்பவில்லை.

டிசம்பர் 13, ஊட்டி

எச்சரிக்கையைப் போனுக்கு அனுப்ப மோடம் வாங்கப் போனேன். வேலை சீக்கிரம் முடிந்ததால் முத்தோரை வரை போய் ரேடியோ தொலைநோக்கியைச் சாலையிலிருந்து பார்த்தேன். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி, 1970-இல் இயங்கத் தொடங்கியது. இடத்தின் அட்சரேகை எத்தனை டிகிரியோ அதே சாய்வுள்ள மலைச்சரிவைத் தேடிப் பிடித்தார்கள். சுமார் 11 டிகிரி. அதனால் அதன் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது. ஒரே அச்சில் திருப்பிக்கொண்டு ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். எவ்வளவு பெரிய கட்டமைப்புச் செலவை அந்தச் சரிவு மிச்சப்படுத்தியிருக்கிறது! இடத்தை அளந்துவிட்டுக் கருவியை வடிவமைத்தவர்கள் அவர்கள். ஏறும்போது குளிர், இறங்கும்போது அதைவிடக் குளிர்.

டிசம்பர் 15

எச்சரிக்கை தமிழில்தான் போக வேண்டும். தோட்டக்கார அக்கா இதை முதல் நாளே சொல்லிவிட்டார். “ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சுக் கண்ணாடியைத் தேடி இங்கிலீஷைக் கூட்டிப் படிக்க முடியாது தம்பி. உறைபனின்னு பெருசா வந்தாப் போதும்.”

“சரிங்கக்கா, அப்படியே போட்டுடறேன்” என்றேன்.

இதுவும் லைப்ரரிக்கே வந்து சேர்ந்தது. தமிழ்க் குறுஞ்செய்திக்கு மோடம் யூசிஎஸ்2 குறியீட்டைக் கேட்கிறது. எழுத்துக்கு 16 பிட், செய்திக்கு 70 எழுத்து. நிரலில் தமிழ் இருப்பதோ யூடிஎஃப்-8 வடிவில். ஒன்றை மற்றொன்றாக்கும் ஃபங்ஷன்கள் நியூலிப்பில் உண்டு. ஆனால் கன்ஃபிகரில் பல்பைட் எழுத்து ஆதரவைத் திறந்தால்தான் அவை யூடிஎஃப்-8-ஐப் புரிந்துகொள்ளும். மூடியிருந்தால் ஒவ்வொரு பைட்டையும் ஒரு எழுத்தாக எண்ணும். அப்படி எண்ணினால் ஆறு குறிகள் கொண்ட ‘உறைபனி’ பதினெட்டு குப்பைக் குறிகளாகிவிடும்.

திறக்கலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். திறந்தால் லொகேல் அட்டவணைகளும் கூடவே உள்ளே வரும். தமிழ் யூனிகோடின் ஒழுங்கு இங்கே கைகொடுத்தது. அதன் 128 இடங்களும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட்தான். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது எழுத்துக்கு எழுத்து மாறும். விதிவிலக்கு ஒன்றுகூட இல்லை. இடைவெளி, புள்ளி, எண்கள், கழித்தல் குறி எல்லாம் ஒரே பைட். இந்த இரண்டு வகையை மட்டும் மாற்ற ஒரு பக்கம்கூட நிரம்பாத ஒரு ஃபங்ஷன் போதும். எழுதிவிட்டேன். லைப்ரரியில் பல்பைட் மூடியே இருக்கட்டும்.

லைப்ரரியில் தமிழை மூடினேன் என்று படிக்கிறவர்கள் வருந்த வேண்டாம். சில்லுக்குத் தேவையான தமிழ் முழுவதும் உள்ளே இருக்கிறது. போனில் ‘உறைபனி’ ஒரு கொம்பும் சிதையாமல் வந்து இறங்கியது. அந்த நிமிடம் உண்டான சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

டிசம்பர் 17

காலக் கணக்கு மிச்சமிருந்தது. நியூலிப்பில் நேரத்தை 32 பிட்டாகச் சுருக்கவும் ஒரு விருப்பம் உண்டு. சுருக்கினால் கணக்கு வேகமாகும். 32 பிட் செயலியில் 64 பிட் வகுத்தல் மெதுவானதுதான். ஆனால் 2038 ஜனவரி 19-ஆம் தேதி அது தலைகீழாகப் புரளும். ஜனவரி என்றால் இங்கே உறைபனி உச்சம். தேயிலைச் செடி ஐம்பது ஆண்டு தாண்டி நிற்கும். நாலைந்து ஆண்டுக்கு ஒரு கவ்வாத்து என்று வைத்தால் 2038 சில கவ்வாத்துத் தூரம்தான். சுருக்கவில்லை. 64 பிட்டே.

நேர மண்டலத்துக்குக் கோப்பு எதுவும் தேவைப்படவில்லை. இந்திய நேரம், கழித்தல் 5:30 என்று ஒரு சரம் கொடுத்தால் போதும். கிழக்கே இருப்பவர்களுக்குக் கழித்தல் என்பது அந்த முறையின் விதி. குழம்ப வேண்டாம் என்று பக்கத்தில் தமிழில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 19, கேத்தி பாலாடா

போர்டைப் பெட்டியில் அடைத்துக் கொழுந்து மட்டத்தில் கட்டியாயிற்று. கன்ஃபிகருக்குக் கொடுத்த வரிகளை, மூடியது எது, திறந்தது எது, ஏன் என்ற குறிப்புகளோடு ஒரு தாளில் அச்சடித்துப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டினேன். நான் ஊரில் இல்லாதபோது வேறு யாராவது இதைத் திறந்து புதிய சென்சார் சேர்க்கக்கூடும். ஆயத்த டூல்செயின் ஏன் ஆகாது என்று அவர் முதல் நிமிடத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும். அக்கா தாளைப் படித்துப் பார்த்துவிட்டு, அடுத்ததைப் பள்ளத்தில் நாற்றங்காலுக்குப் பக்கத்தில் கட்டச் சொன்னார். குளிர் அங்கேதான் முதலில் இறங்குமாம். அதற்கும் இதே லைப்ரரிதான். மோடத்துக்கு அங்கே சிக்னல் கிடைக்கிறதா என்று நாளை விடியலில் போய்ப் பார்க்க வேண்டும்.