முட்டாத கோடு

ஒரு வள்ளத்தின் குறுக்குவெட்டுகள் நாலைந்து கையில் இருந்தால், சொலிட்வேர்க்ஸ் போன்ற மென்பொருள் அவற்றை இணைத்து முழு உடலையும் தந்துவிடும். ஆனால் முன்பக்கமான அணியம் எவ்வளவு எழும்ப வேண்டும், வயிறு எந்த இடத்தில் ஒடுங்க வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், இடைவெளிகளை அது தன் போக்கில் நிரப்பும். அதைச் சொல்லத்தான் நெடுக ஓடும் வழிகாட்டிக் கோடுகள். அவற்றுக்கு ஒரு கறாரான விதி உண்டு. வழிகாட்டிக் கோடு ஒவ்வொரு குறுக்குவெட்டையும் தொட்டே ஆகவேண்டும். தொடாவிட்டால் பரப்பு உருவாகாது.

கிளிநொச்சியில் கணினி வரைதல் சொல்லிக்கொடுக்கிறேன். "கிட்டத்தானே நிக்குது சேர், அதுவே இழுத்து ஒட்டினால் என்ன?" என்று ஒரு மாணவன் கேட்டான். உதவிப் பக்கங்களில் விதி இருந்தது, காரணம் இல்லை. இந்த விதி எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் அகப்பட்டது 1969-இல் வில்லியம் கோர்டன் எழுதிய ஆய்வுக் கட்டுரை. ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வுகூடத்தில் இருந்தவர் அவர். குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கோடுகளின் வலையொன்று முழுவதையும் தழுவிச் செல்லும் பரப்பை எப்படிக் கணக்கிடுவது என்பதுதான் அவருடைய கேள்வி. அவர் நின்றது ஸ்டீவன் கூன்ஸ் போட்ட அடித்தளத்தில். போர்க்காலத்தில் விமான நிறுவனமொன்றில் வேலைசெய்து, பிறகு எம்.ஐ.டி.யில் பேராசிரியரான கூன்ஸ், தமது முறையை 1967-இல் அறிக்கையாக வெளியிட்டார்.

கூன்ஸின் யோசனை எளிமையானது. நான்கு வளைகோடுகளால் ஆன ஒரு சட்டம் இருக்கிறது. இடக்கோட்டிலிருந்து வலக்கோட்டுக்கு நேர்கோடுகளை இழுத்தால் ஒரு பரப்பு கிடைக்கும். மேலிருந்து கீழே இழுத்தால் இன்னொன்று. இரண்டையும் கூட்டினால், ஒரே செலவை இரண்டு கொப்பியில் எழுதியதுபோல ஒரு பங்கு மிகையாக வந்துவிடும். அந்த மிகையை, நான்கு மூலைப் புள்ளிகளை மட்டும் கொண்டு அமைத்த மூன்றாவது பரப்பைக் கழித்து நீக்குகிறார். கோர்டன் இதையே முழு வலைக்கும் விரித்தார். அவர் கழிப்பது, கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளின் வழியே போகும் பரப்பை.

விதியின் வேர் இங்கேதான். கோடுகள் வெட்டிக்கொள்ளாவிட்டால் கழிப்பதற்கு எதுவும் இல்லை. இன்றைய மென்பொருள்கள் உள்ளே வேறு வழிகளையும் கையாளலாம். எந்த வழியானாலும், ஒரே பரப்பில் கிடக்கும் இரு கோடுகள் சந்திக்கும் இடத்தில் இரண்டும் ஒரே புள்ளியைத்தான் சொல்ல முடியும்.

கணினிக்கு முன்பு இதை எப்படிச் செய்தார்கள்? கப்பல் கட்டும் தளங்களில் மெல்லிய மரச் சலாகையை வளைத்து, ஈயக் கட்டிகளால் அங்கங்கே அழுத்தி, முழு அளவில் கோடு கீறினார்கள். அப்படி அழுத்திய சலாகை, வளைவதற்கு ஆகக் குறைந்த சக்தி செலவாகும் பாதையில் படியும். மூன்றாம் படிக் கோவைகளைத் துண்டு துண்டாகப் பொருத்தி அந்தப் பாதையை ஏறக்குறைய எழுதிவிடலாம். 1946-இல் ஐசக் ஷோன்பெர்க் இத்தகைய சார்புகளுக்கு அந்தச் சலாகையின் ஆங்கிலப் பெயரான ஸ்பிளைன் என்பதையே சூட்டினார்.

சலாகை என்றதும் முல்லைத்தீவுக் கரைக்குப் போனேன். இப்போது அங்கே கண்ணாடியிழை வள்ளங்கள்தான் அதிகம். முன்பு மரவள்ளம் கட்டிய ஒரு முதிய ஓடாவியிடம் என் கேள்வியை வைத்தேன். "வங்குகளை நிறுத்திப்போட்டு நெடுகச் சலாகை பிடிப்பம், தம்பி. ஒரு வங்கிலை முட்டேல்லையெண்டால் அதிலை சிம்பு வைப்பம். தள்ளினால் செதுக்குவம்" என்றார். வங்கு என்றால் வள்ளத்தின் விலாச்சட்டம்; மென்பொருளில் குறுக்குவெட்டு நிற்கும் இடம் அது. எதை மாற்றுவது என்று எப்படித் தெரியும் என்றேன். "தள்ளிநிண்டு பாத்தால் எது பிழையெண்டு தெரியும்."

மென்பொருள் தானாக இழுத்து ஒட்டாததன் மறுபாதிக் காரணம் இதிலேதான் கிடைத்தது. இடைவெளி தெரிந்தால் மட்டும் போதாது. கோட்டை வங்குக்கு இழுப்பதா, வங்கைக் கோட்டுக்கு நகர்த்துவதா என்று யாராவது தீர்மானிக்க வேண்டும். முதலாவதில் வள்ளத்தின் பக்கம் நெளியும். இரண்டாவதில் வயிற்றின் கொள்ளளவு மாறும். வள்ளம் எந்தக் கடலில், எவ்வளவு பாரத்தோடு ஓடப்போகிறது என்பது கணக்குக்குத் தெரியாது.

அக்கரையிலும் இந்த அறிவு இருந்தது. தமிழகத்தின் பாக்கு நீரிணைக் கரையில் கட்டப்படும் வத்தை என்ற மீன்பிடிப் படகைப் பற்றி லூசி புளூ, எரிக் கென்ட்லி, ஷான் மக்ரேல் ஆகியோர் 1998-இல் எழுதினார்கள். பலகையில் முன்னமே கீறிவைத்த கோடுகளிலிருந்து வங்குகளின் வடிவத்தை எடுத்து, வங்குகளை முதலில் நிறுத்தி, அதன் பிறகே பலகை அறைகிறார்கள். ஓடாவியின் தீர்மானம் அந்தக் கோடுகளிலேயே இருக்கிறது.

எங்கள் கரைகளில் மிஞ்சியிருக்கும் மரவள்ளங்களை அளந்து கணினியில் ஏற்ற நினைப்பவர்களுக்கு இதிலிருந்து ஒன்று சொல்லலாம். வங்குகளை மட்டும் அளந்துவிட்டு வீட்டுக்கு வராதீர்கள். அடிமரமான ஏரா, மேல்விளிம்பு, இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு என்று நெடுங்கோடுகளையும் அளவுநாடா பிடித்து எடுங்கள். வங்குகள் அந்தந்த இடத்து வடிவத்தைத்தான் சொல்லும். ஒரு வடிவம் அடுத்ததாக மாறும் விதத்தை நெடுங்கோடுகளே வைத்திருக்கின்றன. ஓடாவி சலாகை பிடித்துத் திருத்தியதும் அதைத்தான்.