'எச்' திருகைத் தொட வேண்டாம்

மேட்டுப்பாளையம் மெக்கானிக் அண்ணனுக்கு,

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நன்றி என்று நான் வாயெடுத்தாலே "சரி கண்ணு, வெச்சர்றேன்" என்று வைத்துவிடுவீர்கள். நாலு பேர் படிக்கிற பத்திரிகையில் எழுதினால் நடுவில் வைக்க முடியாதல்லவா, அதனால்தான் இந்த மடல்.

2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்தது. அடுத்த வாரமே நாங்கள் நாலு பேர் மரம் அறுக்கும் மெஷின் இரண்டோடு கோத்தகிரியிலிருந்து பட்டுக்கோட்டைக்குப் போய் இறங்கினோம். அங்கிருந்து பேராவூரணி வரைக்கும் தென்னை மரங்கள் எல்லாம் ஒரே திசையில் தலை வைத்துப் படுத்துக் கிடந்தன. வீட்டு வாசலை மறித்துக்கொண்டு, மோட்டார் ரூமை நசுக்கிக்கொண்டு, கரண்ட் கம்பியை இழுத்துப் போட்டுக்கொண்டு. மரம் அறுக்கும் மெஷின் கையில் இருந்தவனுக்கு அந்த ஊர்களில் அப்போது புது மாப்பிள்ளை மரியாதை. எனக்கு அது ஒன்றரை நாள் நீடித்தது. இரண்டாம் நாள் மத்தியானம் என் மெஷின் திடீரென்று கீச்சென்று குரலை உயர்த்தியது, அப்படியே நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் கல்லைக் கட்டி இழுப்பதுபோல் இருந்தது. பிஸ்டன் ஜாம்.

உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் கேட்டது ஒரே கேள்வி: "மேல ட்யூன் பண்ணுனதை அப்படியே கீழ எடுத்துட்டுப் போனயா?"

அப்படித்தான் போயிருந்தேன். கோத்தகிரி 1,800 மீட்டரை ஒட்டிய உயரம். கடலோரத்தில் இருக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்குதான் அங்கே. காற்று குறைவு என்பதால் பெட்ரோலையும் குறைத்து, கார்புரேட்டரின் 'எச்' திருகை உள்ளே முடுக்கி வைத்திருந்தேன். அந்த அளவு மலைக்குச் சரி. கடலோரத்தின் அடர்ந்த காற்றில் அதே பெட்ரோல் போதாது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு எண்ணெய் தனியாகப் போவதில்லை, பெட்ரோலில் கலந்த 50-க்கு 1 பங்குதான். பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறைந்தது. சூடேறி, காய்ந்து, பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டது. பதினைந்து வருஷம் தொழில் செய்தவன் நான். ஒரு ஸ்க்ரூ டிரைவரும் கால் நிமிஷமும் செலவழிக்காமல் போனதில் பிஸ்டன் போயிற்று.

நீங்கள் திட்டவில்லை. இன்னொரு மெஷினின் 'எச்' திருகைக் கால் சுற்று திறக்கச் சொன்னீர்கள். மறுநாள் கோயமுத்தூரிலிருந்து தஞ்சாவூர் வரும் பஸ்ஸில் கண்டக்டர் கையில் ஒரு சாக்கு மூட்டை. உள்ளே உங்கள் சொந்தப் பழைய மெஷின், இரண்டு செயின், ஒரு உருட்டு அரம், சிகரெட் அட்டையில் எழுதிய சீட்டு: "கீழ்நாட்டுக்கு வைத்து அனுப்பியிருக்கிறேன். எச் திருகைத் தொட வேண்டாம்."

பதினேழு நாள் அந்த மெஷின்தான் எங்களுக்குச் சோறு போட்டது. மண் அப்பிய தென்னையில் செயின் சீக்கிரம் மழுங்கும். அரை மணிக்கு ஒரு தரம் உட்கார்ந்து அரம் பிடித்தோம். மெஷின் மட்டும் அசரவில்லை. ஊர் முழுக்கக் கரண்ட் இல்லாத அந்த நாட்களில், ஒரு ஸ்பேனரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால் பிரித்து மாட்டிவிடக்கூடிய பொருளின் அருமை எனக்குத் தெரிந்தது. திரும்பி வந்து உங்களிடம் பெரிய வாயாகச் சொன்னேன்: "பழசு பழசுதாங்ணா. புதுசெல்லாம் பிளாஸ்டிக்கு." நீங்கள் பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மர டிப்போவுக்கு வரச் சொன்னீர்கள்.

அன்றைக்கு நீங்கள் நடத்திய பரீட்சைக்குத்தான் நான் நன்றி சொல்ல வந்தது. எந்தக் கம்பெனி மெஷின்கள் என்று எழுதவில்லை. எங்கள் தொழிலில் கம்பெனிச் சண்டை ரசிகர் மன்றச் சண்டையை விட மோசம்.

பழசையும் புதுசையும் ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாகச் செய்வது, தேய்ந்த செயின் மாட்டிய பழைய மெஷினைக் கடையில் அன்றைக்குப் பிரித்த புது மெஷினோடு ஓட்டிப் பார்ப்பது. "அது செயினுக்கு வெச்ச பரீட்சை கண்ணு, மெஷினுக்கு இல்ல" என்றீர்கள். பழையதின் பல்சக்கரத்தைக் கழற்றி மாற்றி, இரண்டுக்கும் ஒரே 3/8 செயின், செயின் ஓடுகிற பாரும் ஒரே நீளம். ஒரே தைல மரக் கட்டை, அடி பெருத்திருக்கும் நுனி சிறுத்திருக்கும் என்பதால் மாற்றி மாற்றி ஒரு வெட்டு இது, ஒரு வெட்டு அது. இரண்டையும் சூடேற்றிய பிறகுதான் முதல் வெட்டு. அழுத்தக் கூடாது, தன் எடையில் தானே இறங்க வேண்டும்.

கார்புரேட்டர் சத்தத்தையும் அன்றைக்குத்தான் சரியாகக் கேட்கக் கற்றேன். முழு ஆக்சிலரேட்டரில் சும்மா பிடித்திருக்கும்போது கொஞ்சம் கொடகொடவென்று கொட்ட வேண்டும், மரத்தில் இறங்கியதும் கொட்டுவது நின்று சுத்தமாகப் பாட வேண்டும். சும்மா இருக்கும்போதே பாடினால் பெட்ரோல் பற்றவில்லை, பிஸ்டன் போகப் போகிறது என்று அர்த்தம். பட்டுக்கோட்டையில் என் மெஷின் ஒன்றரை நாள் அழகாகப் பாடியது. நானும் ரசித்துக்கொண்டிருந்தேன்.

சிறு கட்டையில் புதுசு சந்தேகமில்லாமல் முந்தியது. பார் முழுக்கப் புதையும் அடிக்கட்டையில் கதை மாறியது. பழையது சுற்று குறைவாகத்தான் ஓடும், ஆனால் இழுவை விடாது. மேலே சாய்ந்தால் கூட உறுமிக்கொண்டு போகும். புதுசு அழுத்தினால் திணறியது, விட்டுப் பிடித்தால் பறந்தது. கடிகாரம் வைத்துப் பார்த்ததில் அடிக்கட்டையில் இரண்டுக்கும் ஒரு மூச்சு நேரம்தான் வித்தியாசம். எனக்கு ஒரே சந்தோஷம், பழசு தோற்கவில்லையே என்று.

பிறகு நானே கம்பெனிப் புத்தகங்களை உட்கார்ந்து படித்தேன். அண்ணா, கணக்கு உங்கள் டிப்போ பரீட்சை மாதிரியேதான் இருக்கிறது. 1927-ல் ஜெர்மனியின் டோல்மார் மலையில் எமில் லெர்ப் சோதித்த பெட்ரோல் ரம்பம் 58 கிலோ, இரண்டு ஆள் தூக்க வேண்டும். 1959-ல் ஸ்டில் கம்பெனியின் 'கான்ட்ரா' 12 கிலோவில் 6 குதிரைச் சக்தி தந்தது. அந்த வம்சத்தில் வந்த 070-க்கு 106 சிசி, பாரும் செயினும் இல்லாமலே 10 கிலோவுக்கு மேல், 6.5 குதிரைச் சக்தி. அதே கம்பெனியின் இன்றைய எம்எஸ் 462-க்கு 72 சிசிதான், 6 கிலோ, கிட்டத்தட்ட 6 குதிரைச் சக்தி. சக்தியில் பெரிய மாற்றம் இல்லை, அதைத் தூக்குகிற தோளுக்குத்தான் நாலு கிலோ மிச்சம்.

புதுசு என்றாலே எடை குறையும் என்றும் இல்லை. ஹஸ்க்வர்னா கம்பெனியின் 372எக்ஸ்பி 6.1 கிலோ, 3.9 கிலோவாட். அதன் இடத்துக்கு வந்த 572எக்ஸ்பி 4.3 கிலோவாட், ஆனால் 6.6 கிலோ. ஸ்டில் 660-க்கும் 661-க்கும் இடையில் காகிதத்தில் பார்த்தால் 5.2 கிலோவாட் 5.4 ஆனதும், 7.3 கிலோ 7.4 ஆனதும்தான் செய்தி. இத்தனை வருஷ உழைப்புக்கு இவ்வளவுதானா என்று முதலில் சிரித்தேன்.

உழைப்பு போன இடம் சைலன்சர் வழியே போகும் புகை. பழைய டூ ஸ்ட்ரோக் இன்ஜின், பின்வாசலைத் திறந்து போட்டுவிட்டு முன்வாசலில் சரக்கு இறக்குகிற கடை மாதிரி. புது பெட்ரோல் உள்ளே வரும்போதே எரிந்த புகை வெளியேறும் வழியும் திறந்திருக்கும். நாலில் ஒரு பங்கு வரைக்கும் எரியாமலே வெளியே ஓடிவிடும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புகைச் சட்டம் இறுகிய பிறகு, பெட்ரோலுக்கு முன்னால் வெறும் காற்றை ஓர் அடுக்கு அனுப்பிப் புகையைத் தள்ளுகிற இன்ஜின்கள் வந்தன. ஓடிப்போவது இப்போது அந்தக் காற்றுதான். 20 சதவீதம் வரை பெட்ரோல் மிச்சம் என்று கம்பெனிகள் சொல்கின்றன. நம் பரீட்சையிலும் புதுசின் டேங்க் பின்னால்தான் காலியானது, ஞாபகம் இருக்கிறதா?

அப்புறம் 'எச்' திருகே இல்லாத கார்புரேட்டர். சுற்றைக் கவனித்து, ஒரு சின்ன மின் வால்வு பெட்ரோலைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறினாலும் சரி, பட்டுக்கோட்டைக்கு இறங்கினாலும் சரி. 2019-ல் வந்த ஸ்டில் எம்எஸ் 500ஐ-யில் கார்புரேட்டரே கிடையாது, பெட்ரோலைப் பீச்சி விடுகிறார்கள். கஜாவுக்கு அப்படியொரு மெஷின் கொண்டுபோயிருந்தால் என் பிஸ்டன் தப்பித்திருக்கும். அதில் வயர் கோளாறு வந்திருந்தால், லேப்டாப் வைத்திருக்கிற ஆளைத் தேடி கரண்ட் இல்லாத ஊரில் எங்கே போயிருப்பேன் என்பது வேறு விஷயம். இரண்டும் உண்மைதான். இதில் எது பெரிய உண்மை என்று எனக்குள் இன்னும் தீர்ப்பாகவில்லை.

ஆனால் அன்றைக்கு டிப்போவில் நீங்கள் தீர்ப்புக்குக் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. "ரெண்டு டேங்க் பெட்ரோல் தீர்ற வரைக்கும் பழசை ஓட்டிட்டு வா" என்றீர்கள். ஓட்டிவிட்டு வந்ததும் கையில் ஒரு கிளாஸ் டீ. பிடித்துக்கொண்டே நிற்கச் சொன்னீர்கள். டீயின் மேல் சின்னச் சின்ன வட்டமாக அலை. நான் நடுக்கவில்லை, கை தானாக ஆடியது. மறுநாள் புதுசில் அதே இரண்டு டேங்க். டீ கிட்டத்தட்ட அசையாமல் நின்றது. "இதை வாங்கு" என்றீர்கள். உங்கள் பழையதை வானளாவப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தவனிடம், அதில் குறை என்று ஒரு வார்த்தையும் சொல்லாமல்.

ஏன் என்று எனக்கு விளங்கியது அந்த மார்கழியில். ஒரு வேலையாகக் கோத்தகிரி வந்திருந்தீர்கள். காலையில் குழாயடியில் கை கழுவும்போது பார்த்தேன். இரண்டு கையிலும் விரல்கள் நடுக்கணு வரைக்கும் சாக்பீஸ் மாதிரி வெளுத்துப் போயிருந்தன. வெளுத்ததற்கும் வெளுக்காததற்கும் நடுவே கோடு கிழித்த மாதிரி ஓர் எல்லை. சட்டென்று அக்குளில் செருகிக்கொண்டு "குளிரு கண்ணு" என்றீர்கள். குளிர் எங்கள் எல்லோருக்கும்தான் இருந்தது. வெளுத்தது உங்கள் விரல் மட்டும்.

அதன் பெயரே வெள்ளை விரல்தான். வருஷக்கணக்காக அதிர்வு ஏறிய கையில் நரம்பும் ரத்தக் குழாயும் கெட்டுப்போகும், குளிர் பட்டால் குழாய் இறுகி ரத்தம் விரலுக்குப் போகாது. பின்லாந்தில் சுவோமுஸ்ஸால்மி என்ற ஊரின் மரம் வெட்டும் தொழிலாளர்களை 1972-லிருந்து 1990 வரை மருத்துவர்கள் தொடர்ந்து பரிசோதித்தார்கள். தொடக்கத்தில் 100-க்கு 40 பேருக்கு வெள்ளை விரல் இருந்தது, முடிவில் 5 பேருக்கு. அதற்குள் அவர்கள் தூக்கிய மெஷின் 12 கிலோவிலிருந்து 6 கிலோவுக்கு இறங்கியிருந்தது. கைக்கு வந்த அதிர்வு ஏழில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. கைப்பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே ரப்பரும் ஸ்பிரிங்கும் வைத்ததில் வந்த மாற்றம் அது. உங்கள் பழைய மெஷினில் அந்த ரப்பர் இல்லை. செயின் பிரேக்கும் இல்லை. அந்தக் காலத்தில் இங்கே நம் கைக்கு வந்த மெஷின் பலதும் அப்படித்தான்.

இருபது வருஷம் மலையில் மரம் அறுத்தவர் ஏன் மேட்டுப்பாளையத்து வெயிலில் ஒர்க்ஷாப் போட்டார் என்று யாரும் உங்களைக் கேட்டதில்லை. கடை வாடகை குறைவு என்று நீங்களாகச் சொல்லியிருக்கிறீர்கள். கீழே வாடகை மேலே உள்ளதை விட அதிகம் என்பது எனக்குத் தெரியும், அண்ணா.

புதுசு வாங்கி ஆறு வருஷம் ஆகிறது. 1955-ஆம் வருஷத்து மலைப்பகுதி மரச் சட்டப்படி அனுமதி வந்த சில்வர் ஓக் மரங்களை அதில்தான் அறுக்கிறேன். இரண்டு முறை வயர் கோளாறு வந்தது, இரண்டு முறையும் வாயில் வந்தபடி திட்டினேன். மார்கழிக் காலையில் என் பத்து விரலும் சிவப்பாகத்தான் இருக்கின்றன. என்னிடம் மெஷின் பிடிக்கிற இரண்டு பையன்களின் விரல்களையும் பார்க்கிறேன். அவர்களுக்கும் டீ கிளாஸ் பரீட்சை உண்டு. எதற்கென்று இன்னும் சொல்லவில்லை.

உங்கள் பழையதை நீங்கள் சொன்னபடி நானே வைத்திருக்கிறேன். மாதம் பிறந்தால் ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணி ஐந்து நிமிஷம் ஓட விடுகிறேன். ஸ்டார்ட்டர் கயிறு பிரிந்து வருகிறது, கயிறு எத்தனை மில்லி என்று மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்புங்கள். இல்லாவிட்டால் தை பிறந்ததும் மெஷினையே எடுத்துக்கொண்டு இறங்கி வருகிறேன், நீங்கள் மேலே ஏறி வர வேண்டாம். 'எச்' திருகை நான் தொடவில்லை. பஸ்ஸில் வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. இந்த உயரத்தில் அது புகைகிறது, கொடகொடவென்று கொட்டுகிறது. கொட்டட்டும்.

அன்புடன்,
கோத்தகிரித் தம்பி