அம்மாவின் நாலரை மணி

அக்டோபர் 18, சனி

நடைவழிச் சுவரில் இருக்கும் வட்டத் தெர்மோஸ்டாட்டை மாற்றுவது என்று இன்று முடிவாயிற்று. ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் 1960களில் கட்டிய வீடு இது. நாங்கள் வாங்கும்போதே அது சுவரில் இருந்தது. இலக்கங்கள் எல்லாம் பாரன்ஹைட்டில். ஹனிவெல் நிறுவனத்தின் டி87 வகை, ஹென்றி டிரைஃபஸ் வடிவமைத்தது; 1953இல் விற்பனைக்கு வந்தது. மூடியைக் கழற்றினால் அதன் வேலை முழுவதும் கண்ணுக்குத் தெரியும். வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகப் பட்டைகளை ஒட்டிச் சுருளாகச் சுற்றியிருக்கிறார்கள். அறை குளிர்ந்தால் சுருள் அசையும், அதன் மேல் இருக்கும் சின்னக் கண்ணாடிக் குமிழ் சரியும், உள்ளே கிடக்கும் பாதரசம் உருண்டுபோய் இரண்டு கம்பிகளை இணைக்கும். கீழே பேஸ்மென்டில், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் எரியத் தொடங்கும். அறை சூடானதும் குமிழ் மறுபக்கம் சரிய, ஃபேர்னஸ் அணையும். பற்றரி இல்லை, திரை இல்லை. இத்தனை காலம் பிசகாமல் உழைத்த பொருளை மரியாதையோடு கழற்ற வேண்டும்.

மாற்றுவதற்குக் காரணம் ஒன்றுதான்: அதற்கு நேரம் தெரியாது. யாராவது கைவைத்துத் திருப்பினால்தான் மாறும். இரவு படுக்கப் போகும்போது நான் குறைத்துவிடுவேன். அதிகாலை நாலரைக்கு எழும்பும் அம்மா வந்து கூட்டவேண்டும். அம்மா கூட்டுவதில்லை. ஸ்வெற்றருக்கு மேல் சால்வையைப் போர்த்துக்கொண்டு சாமிப்படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, நாங்கள் எழும்பும்வரை அப்படியே இருப்பார். கேட்டால், "எனக்கென்ன குளிர் பிள்ளை, பில் கூடிப்போடும்" என்பார். எண்பது தாண்டியவர் பில்லுக்காகக் குளிரைப் பொறுத்துக்கொள்கிற வீடாக எங்கள் வீடு இருக்கக்கூடாது.

அக்டோபர் 19, ஞாயிறு

மகனும் நானும் மாற்றினோம். வேலை பெரிதில்லை. கவனம்தான் வேண்டும்.

தெர்மோஸ்டாட்டுக்கு வருவது 24 வோல்ட் மட்டுமே. ஆனாலும் முதல் வேலை ஃபேர்னஸின் சுவிட்சையும் பிரேக்கரையும் நிறுத்துவது. ஆர் என்ற முனையின் கம்பி தவறிப்போய் சி முனையின் கம்பியில் பட்டால், ஃபேர்னஸின் கட்டுப்பாட்டுப் பலகையில் இருக்கும் 3 அல்லது 5 ஆம்பியர் ஃபியூஸ் எரிந்துவிடும். கார்களில் போடுகிற அதே தட்டை ஃபியூஸ்தான், கடையில் கிடைக்கும். என்றாலும் ஞாயிறு இரவு வீடு குளிர்ந்துபோய்க் கிடப்பதற்கு அது போதும்.

பிறகு பழையதை அவிழ்க்குமுன் ஒரு படம் எடுத்துக்கொண்டோம். எந்தக் கம்பி எந்த எழுத்தில் இருந்தது என்பதுதான் கணக்கு. நிறத்தை நம்பக்கூடாது. சிவப்பு ஆர், வெள்ளை டபிள்யூ, மஞ்சள் ஒய், பச்சை ஜி என்பது வழக்கம். ஆனால் அறுபது ஆண்டுக்குள் யார் யார் கை பட்டதோ, எந்த நிறத்தை எங்கே முடிந்தார்களோ. ஆர் வழியே மின்சாரம் வருகிறது. அதை டபிள்யூவோடு சேர்த்தால் சூடு, ஒய்யோடு சேர்த்தால் ஏசி, ஜியோடு சேர்த்தால் காற்றாடி. தெர்மோஸ்டாட் செய்வதெல்லாம் இந்தச் சேர்ப்பும் பிரிப்பும்தான்.

சி என்பது திரும்பும் வழி. பழைய வட்டக் கருவிக்கு அது தேவைப்படவில்லை. திரையும் கடிகாரமும் உள்ள புதியவற்றுக்கு ஓயாமல் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். ஒன்றில் பற்றரி போடவேண்டும், அல்லது சி கம்பி வேண்டும். எங்கள் சுவருக்குள் ஐந்தாவதாக ஒரு நீலக் கம்பி எதிலும் முடியப்படாமல் சுருண்டு கிடந்தது. ஏசி பூட்டியவர்கள் ஐந்து கம்பிக் கேபிளை இழுத்து நாலை மட்டும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த முகம் தெரியாத மனிதருக்கு நன்றி. அதன் மறுமுனையை ஃபேர்னஸ் பலகையின் சி முனையில் முடிந்தோம். கேஸ் குழாய்ப் பக்கம் கை வைக்கவில்லை. ஒன்ராறியோவில் அது உரிமம் பெற்றவரின் வேலை.

சுவரோரமாக மின்சூடாக்கி ஓடும் அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்கள் இதைப் பார்த்துச் செய்ய இறங்கவேண்டாம். அங்கே பெரும்பாலும் தெர்மோஸ்டாட்டுக்குள்ளேயே 240 வோல்ட் வரும். அதற்கான கருவி வேறு, அதற்கான ஆள் வேறு.

கம்பி வெளியே வரும் சுவர்த் துளையைப் பஞ்சு வைத்து அடைத்தோம். சுவருக்குள் இருக்கும் குளிர்காற்று அந்தத் துளையால் வந்து கருவியின் முதுகில் பட்டால், வீடு சூடாக இருக்கும்போதும் அது குளிர் என்று எண்ணி ஃபேர்னஸை எரித்துக்கொண்டிருக்கும். வெயில் விழாத உட்சுவர், தரையிலிருந்து ஐந்தடி உயரம், அடுப்புக்கும் சூட்டுத்துளைக்கும் தள்ளி என்பதெல்லாம் இதே காரணத்துக்குத்தான்.

கழற்றிய வட்டக் கருவியை ஒரு டப்பாவில் நிமிர்த்தி வைத்து மூடியிருக்கிறேன். அதன் குமிழில் சுமார் 3 கிராம் பாதரசம் இருக்கும். குப்பையில் போடக்கூடாது, நகரசபையின் அபாயக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுக்கவேண்டும்.

அக்டோபர் 21, செவ்வாய்

உண்மையான வேலை இன்றுதான். பூட்டுவதற்கு ஸ்க்ரூ டிரைவர் போதும். அட்டவணை எழுத வீட்டில் இருப்பவர்களைத் தெரிந்திருக்கவேண்டும்.

பெட்டியிலிருந்து வரும்போதே கருவிக்குள் ஒரு அட்டவணை இருக்கிறது. காலை 6 மணிக்கு எழும்பல், 8 மணிக்கு வெளியேறல், மாலை 6 மணிக்குத் திரும்பல், இரவு 10 மணிக்கு உறக்கம். எழும்பலுக்கும் திரும்பலுக்கும் 21 செல்சியஸ் பாகை. மற்ற இரண்டுக்கும் 17ஐ ஒட்டி. இதை எழுதியவரின் மனத்தில் ஒரு குடும்பம் இருந்திருக்கிறது. கணவன் மனைவி இருவரும் அலுவலகம் போகிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், பகல் பத்து மணிநேரம் வீட்டில் யாரும் இல்லை.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு நேரமே இல்லை. என் கணவருக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. காலை ஏழரைக்கு வந்து பகலில் தூங்குகிறார். நானும் மகனும் போய்விட்ட பிறகு அம்மா முன்னறையில் தனியே இருக்கிறார். பெட்டியில் வந்தபடியே விட்டிருந்தால், கருவி காலை 8 மணிக்கு அம்மாவை இல்லாதவராகக் கணக்கிட்டு வீட்டைக் குளிரவிட்டிருக்கும். இந்த நகரத்தில் தாத்தா பாட்டி இருக்கும் தமிழ் வீடு எத்தனை! அங்கெல்லாம் இந்த 8 மணி அட்டவணை சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்குமோ என்று நினைக்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

ஆகவே எல்லாவற்றையும் அழித்துவிட்டு அம்மாவோடு இருந்து எழுதினேன். காலை 4.15க்கு 21.5 பாகை. அது இரவு 11 மணிவரை அப்படியே. 11 மணிக்குப் பிறகு 19. சனி ஞாயிறும் அதேதான். அம்மாவுக்கு வார இறுதி கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டி, குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 பாகையாவது இருக்கவேண்டும் என்கிறது. முதியோருக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டியிருக்கலாம் என்றும் சொல்கிறது. 19ஐத் தேர்ந்தது அதனால்தான்.

இந்தக் கருவி வீடு சூடாக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று சில நாளில் தானே கற்றுக்கொண்டு முன்கூட்டியே ஃபேர்னஸைத் தொடக்கும். எனவே சூடு வந்திருக்கவேண்டிய நேரத்தையே கொடுக்கவேண்டும். அந்த வசதி இல்லாதவற்றில் அரை மணி முந்திக் கொடுப்பது நல்லது.

"அப்ப நான் ஒண்டையும் திருப்பத் தேவையில்லையோ?" என்று அம்மா கேட்டார்.

"தேவையில்லை அம்மா. நீங்கள் எழும்பேக்கை சூடு வந்திருக்கும்."

"பில்?"

"எல்லாரும் படுத்திருக்கிற நேரத்திலை குறைச்சுத்தான் வைச்சிருக்கிறன்."

அது உண்மை. ஆனால் பெரிய சேமிப்பு என்று சொல்லமாட்டேன். அமெரிக்க எரிசக்தித் துறை சொல்வது, நாளுக்கு 8 மணிநேரம் 7 முதல் 10 பாரன்ஹைட் பாகை குறைத்து வைத்தால் ஆண்டுச் செலவில் 10 வீதம்வரை மிச்சமாகலாம் என்று. எங்களுக்குக் கிடைப்பது ஐந்து மணிநேரமும் இரண்டரை செல்சியஸ் பாகையும். கருவியே சேமித்துத் தரும் என்ற எண்ணமும் சரியில்லை. அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டார் திட்டம் இவ்வகைத் தெர்மோஸ்டாட்டுகளுக்குக் கொடுத்துவந்த முத்திரையை 2009 இறுதியோடு நிறுத்திக்கொண்டது. எதிர்பார்த்த சேமிப்பு வீடுகளில் உறுதியாகக் காணக் கிடைக்கவில்லை. அட்டவணை தங்கள் வாழ்க்கைக்குப் பொருந்தாதபோது ஆட்கள் 'ஹோல்ட்' பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். அதோடு நிரல் நின்றுவிடும். விலை கொடுத்து வாங்கியது பழைய வட்டக் கருவியாகிவிடும்.

அக்டோபர் 26, ஞாயிறு

தெர்மோஸ்டாட் தான் இருக்கும் சுவரை மட்டுமே அறியும். நடைவழியில் 21.5 என்று காட்டினால் அம்மாவின் அறையிலும் அதுதான் என்று பொருளில்லை. சின்ன வெப்பமானி ஒன்றை அவர் கட்டிலருகே வைத்துப் பார்த்தோம்: இரண்டு பாகை குறைவு. தேடினால், தரையில் இருக்கும் சூட்டுத்துளையின் மேல் அம்மாவின் சூட்கேஸ். ஊரிலிருந்து வந்த நாள் முதல் கட்டிலோரமாக வைத்துக்கொள்ளும் பெட்டி. நகர்த்தினோம், ஃபேர்னஸின் வடிகட்டியையும் மாற்றினோம். மாலைக்குள் வித்தியாசம் பெரும்பாலும் போய்விட்டது.

நவம்பர் 2, ஞாயிறு

இன்று அதிகாலை மணிக்கூட்டை ஒரு மணி பின்னுக்குத் தள்ளும் நாள். புதிய தெர்மோஸ்டாட் தானாக மாற்றிக்கொண்டது. 2007இல் இந்த மாற்றத்தின் தேதிகள் நகர்ந்தன. அதற்கு முந்திய கருவி வைத்திருப்பவர்கள் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவிட்டுக் கையால் மாற்றுவதே நல்லது.

நவம்பர் 8, சனி

அத்தான் வந்திருந்தார். வெளியே இருந்து வந்த குளிரோடு நேரே தெர்மோஸ்டாட்டுக்குப் போய் 27க்கு ஏற்றினார். "கெதியாச் சூடாகட்டும்" என்றார். எங்களுடையது போன்ற ஒற்றைப்படி ஃபேர்னஸ் எரிந்தால் முழு வேகத்தில் எரியும், இல்லையென்றால் அணைந்திருக்கும். அளவைக் கூட்டுவது தண்ணீர்த் தொட்டியின் மிதவையை உயர்த்தி வைப்பது போலத்தான்: மோட்டார் வேகமாக இறைக்காது, கூடுதல் நேரம் இறைக்கும், அவ்வளவுதான். இந்த நம்பிக்கை அத்தானுக்கு மட்டும் உரியதல்ல. வில்லட் கெம்ப்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1986இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். தெர்மோஸ்டாட்டைக் கூட்டினால் சூடு வேகமாக வரும் என்று கருதுவோர், குறித்த அளவில் அது நிறுத்தும் என்று கருதுவோர் என்று வீட்டாரை இரு வகையாக அவர் கண்டார். அத்தானுக்கு ஒரு தேநீர் கொடுத்துவிட்டு 21.5க்குக் கொண்டுவந்தேன். சூடு அதற்குள் வந்துவிட்டிருந்தது.

நவம்பர் 15, சனி

மச்சாள் தன் வீட்டிலும் இதைப் பூட்டித் தரச் சொல்லிக் கூப்பிட்டார். அவர் வீட்டின் பேஸ்மென்டில் கல்லூரிப் பிள்ளைகள் இருவர் வாடகைக்கு இருக்கிறார்கள். இரவில் 17 போதும் என்றார். முடியாது என்றேன். ரொறொன்ரோவின் விதிப்படி வாடகைக்கு விட்ட இடத்தில், சூட்டை வீட்டுக்காரர் கொடுப்பதானால், குளிர்காலத்தில் 21 பாகைக்குக் குறையக்கூடாது; இரவுக்கு விலக்கு இல்லை.

"கீழை இருக்கிற பிள்ளையள் ஒண்டும் சொல்லேல்லையே" என்றார்.

"அம்மாவும்தான் ஒண்டும் சொல்லேல்லை" என்றேன். மச்சாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு 21ஐயே வைக்கச் சொன்னார்.

இந்தக் கருவியின் தொடக்கம் நினைவுக்கு வந்தது. விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டரில் ஆசிரியர் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர் வாரன் ஜான்சன். அங்கே பராமரிப்புப் பணியாளர் வகுப்புக்குள் வந்து வெப்பத்தைப் பார்த்துவிட்டுக் கீழே போய் அடுப்பின் காற்றுவழியைச் சரிசெய்வாராம். வகுப்பறை குளிர்ந்தால் கீழே இருப்பவருக்கு மணியடித்து அறிவிக்கும் மின்கருவி ஒன்றை ஜான்சன் செய்தார். 1883இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். குளிர்கிறவர் இருக்கும் இடத்திலிருந்து, அடுப்பு யார் கையில் இருக்கிறதோ அவருக்குச் செய்தி போகவேண்டும். கருவி செய்யப்பட்டது இதற்காகத்தான். எங்கள் வீடுகளில் இன்று பொத்தான் மேலே இருக்கிறது. குளிர்கிறவர்கள் பேஸ்மென்டிலும் பின்னறையிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு மணியும் இல்லை.

பொத்தானைக் கையில் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் குளிர்காலம் இறுகுமுன் கீழே குடியிருப்பவரின் அறையில் ஒரு வெப்பமானியை வைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டு முதியவரிடம் எத்தனை மணிக்கு எழும்புகிறார் என்று கேளுங்கள். அதன்பிறகு அட்டவணையை எழுதுங்கள்.