முள்ளங்கிப் பிள்ளையார்

காலையில் தமிழில் காய்கறிக்கு விலை பேசிவிட்டு, மதியம் மலையாளத்தில் பஞ்சாயத்து ஆபீஸில் மனு எழுதிக் கொடுக்கிறவர்கள், தமிழக-கேரள எல்லையிலுள்ள எங்கள் ஊர் வேலந்தாவளத்துக்காரர்கள். எல்லை தாண்டுவது எங்களுக்குத் தினப்படி வேலை. ஜப்பானுக்குக் கிளம்பியபோதும் அந்தத் தெம்பில்தான் கிளம்பினேன்.

அண்ணன் மகள் இருப்பது டோக்கியோவின் நிஷிகசாயில். நம்மவர்கள் நிறைய வசிக்கும் பகுதி. சாம்பார்ப் பொடிக்குப் பஞ்சமில்லை. "நீங்களா சுத்தினா கடைதான் பாப்பீங்க சித்தப்பா, கைடோட போங்க" என்று அசாகுசாவுக்கு அழைத்துப்போனாள். அங்கே சுற்றுலாத் தகவல் மையத்திலிருந்து தன்னார்வ வழிகாட்டிகள் வார இறுதிகளில் இலவசமாகவே நடத்திக் கூட்டிப் போகிறார்கள். எங்களுக்கு வாய்த்தவர் பணி ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி. கையில் சின்னக் கொடி, நிதானமான ஆங்கிலம். யாராவது பின்தங்கினால் கோபிக்காமல் நின்று எண்ணுவார்.

முதலில் காமினாரிமோன், அதாவது இடி வாசல். இருபுறமும் காற்றுத் தேவனும் இடித் தேவனும் காவல். நடுவில் தொங்கும் சிவப்புக் காகித விளக்கு 3.9 மீட்டர் உயரம், சுமார் 700 கிலோ. எல்லோரும் அதன் முன்னால் படம் எடுத்துக்கொண்டிருக்க, வழிகாட்டி அம்மா அலட்டிக்கொள்ளாமல் ஒன்று சொன்னார்: 1865இல் எரிந்துபோன வாசல் இது. ஏறக்குறைய நூறு வருஷம் வாசலே இல்லை. 1960இல் பானசோனிக் நிறுவனர் மாட்சுஷிதா பணம் கொடுத்துத் திரும்பக் கட்டியது.

உள்ளே சென்சோஜி கோயிலிலும் அதே கதை. 628இல் சுமிதா ஆற்றில் மீன் பிடித்த அண்ணன் தம்பி இருவரின் வலையில் கருணையின் போதிசத்துவரான கன்னோனின் சிலை சிக்கியதாம். அதை வைத்துக் கும்பிடத் தொடங்கிய இடம் டோக்கியோவின் மிகப் பழைய கோயில். ஆனால் கண்ணெதிரே நிற்கும் மண்டபம் 1958இல் எழுந்தது, கான்கிரீட். 1649இல் ஷோகன் இயேமிட்சு கட்டியது 1923 பூகம்பத்துக்குத் தப்பி, 1945 மார்ச் 10 குண்டுவீச்சில் சாம்பலாகிவிட்டது. மேலே பழைய பாணியில் தெரியும் ஓடுகள்கூட 2010இல் போட்ட டைட்டானியம்.

எனக்கு முதலில் சப்பென்றுதான் இருந்தது. இத்தனை தூரம் வந்து கான்கிரீட்டையா பார்ப்பது? சுற்றியிருந்தவர்களைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. ஆபீஸ் உடையில் ஒருவர் வாசல் தூபக் கலசத்தின் புகையைத் தலையில் வாரிப் பூசிக்கொண்டார். ஒரு பாட்டி காசு போட்டுக் கைகூப்பினார். இளம்பெண்கள் நூறு யென் செலுத்தி, தகரக் குடுவையைக் குலுக்கி, விழுந்த குச்சியின் எண்ணுக்குரிய இழுப்பறையிலிருந்து சீட்டு எடுத்தார்கள். நம்மூர்க் கிளி ஜோசியத்தில் கிளியை மட்டும் கழித்துவிட்டது போல. கெட்ட பலன் வந்தால் அங்கேயே கம்பியில் கட்டிவிட்டுப் போய்விடலாம். இங்கே கெட்ட சீட்டுகள் நிறையவே உண்டு, கோயில் அதைக் குறைப்பதும் இல்லை. இந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

பழமையை அவர்கள் சுவரில் வைக்கவில்லை, செய்கையில் வைத்திருக்கிறார்கள். அதே நாட்டில் இசே கோயிலை இருபது வருஷத்துக்கு ஒருமுறை அருகிலேயே புதிதாக எழுப்பி, சாமியைக் குடியேற்றுகிறார்கள். கடைசியாக நடந்தது 2013இல். தச்சுவேலை தலைமுறை மாறிக் கைக்குக் கை போகிறது. நாமும் பன்னிரண்டு வருஷத்துக்கொரு முறை கும்பாபிஷேகம் செய்கிறோம்தான். ஆனால் பழைய தூணில் சிமெண்ட் பூசி, அதன்மேல் எனாமல் பெயிண்ட் அடித்துவிட்டு அதைத் திருப்பணி என்கிறோம். அந்த வித்தை தெரிந்த கையை வளர்ப்பதில்லை.

சுற்றுலா கோயிலோடு முடிந்தது. வாடகைக் கிமோனோவில் படம் எடுப்பது, இருபது நிமிடத்தில் தேநீர்ச் சடங்கு என்று மற்றவர்கள் பிரிந்தார்கள். அவசரமாகக் குடிக்கும் தேநீருக்குச் சடங்கு எதற்கு என்று நான் கழன்றுகொண்டேன். அண்ணன் மகள்தான், "இன்னொண்ணு இருக்கு, நம்ம ஆள்" என்று ஆற்றோரமாகப் பத்து நிமிடம் நடத்திப்போனாள்.

மட்சுச்சியாமா ஷோதென். சின்ன மேடு, மேலே கோயில். படியிலும் விளக்கிலும் இரண்டு முள்ளங்கிகள் குறுக்கே பின்னிய சின்னம், பக்கத்தில் சுருக்குப்பை. உள்ளே இருப்பவர் காங்கிதென், யானைமுகத்தார், நம் பிள்ளையார்தான். மந்திர பௌத்தத்தோடு சீனா வழியாக இங்கே வந்தவர். சிலையை யாருக்கும் காட்டுவதில்லை. சுருக்குப்பை வியாபாரம் செழிக்க, பின்னிய முள்ளங்கி தம்பதி ஒற்றுமைக்கு. கொழுக்கட்டைக்குப் பதிலாக முழுசு முழுசாக வெள்ளை முள்ளங்கியைப் படைக்கிறார்கள். முள்ளங்கி மனிதனின் கோபம் என்ற விஷத்தைக் குறிக்கிறதாம். கொடுத்துவிட்டால் அவர் அதைக் கரைத்துவிடுவார். படைத்ததைப் பிரசாதமாகவும் தருகிறார்கள். காய்கறிச் சந்தை ஊர்க்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான சாமி கிடையாது. கோபம் எங்களிடமும் நிறைய உண்டு, தக்காளி விலை சரியும் நாட்களில்.

அசாகுசா போகிறவர்கள், கோயிலுக்கு முன்னுள்ள கடைத்தெரு திறப்பதற்குள், ஏழு மணிக்கே போய்விடுங்கள். சென்சோஜி மண்டபம் காலை ஆறு மணிக்கே திறந்துவிடும், குளிர்காலத்தில் ஆறரை. பிறகு வழிகாட்டியோடு சுற்றி முடித்ததும் பிள்ளையாரையும் பார்த்துவிட்டு வாருங்கள். படைக்க முள்ளங்கி அங்கேயே விலைக்குக் கிடைக்கிறது. ஜனவரி 7ஆம் தேதி போனால் முள்ளங்கித் திருவிழா. வேகவைத்த முள்ளங்கியை வந்தவர்களுக்குச் சுடச்சுடக் கொடுப்பார்கள்.